ஓவியர் வீட்டுக்குப் போய் டொறீனைக் கூப்பிட்டது

1

லண்டனில் இருந்து வரும் தமிழ்ச் சஞ்சிகை ஒன்று, கலை பற்றி யாராவது எழுதித் தாருங்கள் என்று கேட்டது. குலசேகரத்துக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் உடனே ஒப்புக்கொண்டார். (குலசேகரம் வேறு யாருமில்லை, இதை எழுதிக்கொண்டிருக்கிறவர்தான். 'நான்' என்று எழுதினால் அசடு வழிவது அப்படியே தெரிகிறது. படர்க்கையில் கொஞ்சம் மறைகிறது.)

முதல் தொடக்கம்: 'தேம்ஸ் நதியின் வெள்ளி ஒளியில் அந்த மேதையின் ஆன்மா இன்னும்...'

வேண்டாம். அன்று மழை. ஆன்மா எதையும் அவர் காணவில்லை.

இரண்டாம் தொடக்கம்: இந்த 1993இல், போன ஞாயிற்றுக்கிழமை, குலசேகரமும் மனைவி செல்வமலரும் தாங்கள் குடியிருக்கும் லண்டன் ஹவுன்ஸ்லோவில் பஸ் ஏறி, எப்போதோ செத்துப்போன பெரிய ஓவியர் ஒருவரின் வீட்டையும் தோட்டத்தையும் பார்க்கப் போனார்கள்.

இது பரவாயில்லை.

2

செல்வமலரின் மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே பயத்தம் பணியாரம்.

"மலர், அந்தாள் செத்து நூறு வருசம்."

"தெரியும். முதன்முதலா ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போறம். வெறுங்கையோட போகேலுமே?"

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து எந்த வெள்ளைக்காரரும் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. மீட்டர் பார்க்கிறவரைத் தவிர யாரும் அவர்கள் வீட்டுப் படி ஏறியதுமில்லை. குலசேகரம் அதைப் பழகிக்கொண்டார். செல்வமலர் பழகவில்லை.

வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த வயதான பெண்ணின் பெயர் டொறீன். செல்வமலர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு டின்னை நீட்டினாள். டொறீன் அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

குலசேகரம் உள்ளே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு படத்தின் முன் நெடுநேரம் தலையாட்டினார். அது வெறும் சட்டம். படத்தைத் துப்புரவாக்கக் கொண்டுபோயிருந்தார்கள். (இந்தப் பகுதியைச் சஞ்சிகைக்கு அனுப்பும்போது வெட்டிவிட வேண்டும்.)

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. தோட்டத்து வாங்கில் உட்கார்ந்து இரண்டு பெண்களும் பணியாரம் தின்றுகொண்டிருந்தார்கள். செல்வமலர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வரும் ஞாயிறு மதியம் சாப்பிட வரச் சொல்லிவிட்டாள். கட்டாயம் வருகிறேன் என்றாள் டொறீன்.*

*குலசேகரம் வேலை செய்யும் கந்தோரிலும் பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் வரவில்லை. இதை அவர் மனைவிக்குச் சொல்லவில்லை.

3

டொறீன் என்ற பாத்திரத்தில் எனக்கு, மன்னிக்கவும், குலசேகரத்துக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவளாக இருந்தால் யார் நம்புவார்கள்? ஆகவே அவளை மூக்கைச் சுளிக்க வைத்து ஒரு பந்தி எழுதினார். தேத்தண்ணீர் கொண்டுவந்த செல்வமலர் அதைப் படித்தாள்.

"ஏன் அந்த மனிசியைப் பொல்லாதவளாக்கிறியள்? அவ உங்களுக்கு என்ன செய்தவ?"

பந்தி கிழிபட்டது.

4

இன்றுதான் அந்த ஞாயிறு. கீழே கோழிக்கறி உறைப்புக் குறைத்து வைத்தாயிற்று. செல்வமலர் நல்ல சீலை உடுத்தி, மேசையில் மூன்று பீங்கான் அடுக்கிவிட்டு மேலே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, கதையில அவ வந்திட்டாவோ?"

"இன்னும் அந்த இடத்துக்கு நான் போகேல்லை."

"அப்ப ஆறுதலா எழுதுங்கோ."

முதல் முடிவு: டொறீன் பூங்கொத்தோடு வருகிறாள். எழுதிப் பார்த்தார். நன்றாக இருந்தது, அதனாலேயே பயம் வந்தது.

இரண்டாம் முடிவு: சோறு ஆறிப்போகிறது. செல்வமலர் சட்டிகளை மூடிக்கொண்டே, 'பஸ் பிந்தியிருக்கும்' என்று...

இதற்கு மேல் எழுத அவருக்கு மனம் வரவில்லை. கலை இலக்கியம் எல்லாம் பேசலாம், அந்த முகத்தை எழுத ஏலாது.

இப்போது இரண்டு மணியாகப் போகிறது. அவள் யன்னலடியில் நிற்கிறாள். வாசகரே, எங்கள் வீடு ஹவுன்ஸ்லோ ஸ்டேஷனுக்குப் பின்தெருவில், பச்சைக் கதவு. அழைப்பு மணிக்குப் பற்றரி தீர்ந்துவிட்டது, தட்டுங்கள். நீங்கள் டொறீனாக இருக்க வேண்டும் என்றில்லை.