பதினேழுக்கு மேல் ஈரம்

1.

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. தோஹாவில் என் அறைக்குள் நடந்தபடி பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அம்மா, பிரின்ஸி, படிக்கப்போவது நீங்கள்தான்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘மின்னூட்டத்தைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால்’

நிறுத்திவிட்டேன். பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது.

2.

அருள்செல்வி அக்கா மன்னார்குடிப் பள்ளி ஒன்றில் ஆறு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. இன்று தாளாளர் முன்னால் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதத்தோடு சரி.

அந்தப் பாடத்துக்கு, மின்னூட்டத்தைக் காட்டும் மின்காட்டி செய்யும் வழியைச் சொன்னது நான். கண்ணாடி பாட்டில், மூடி வழியாக ஒரு செம்புக் கம்பி, கம்பி நுனியில் இரண்டு மெல்லிய அலுமினியத் தாள். தேய்த்த பிளாஸ்டிக் ஸ்கேலால் கம்பியைத் தொட்டால் தாள்கள் விரியும். அதிகம் விரிந்தால் மின்னூட்டம் அதிகம். அளக்கப் பின்னால் ஒரு பாகைமானி. என் ஏசி அறையில் இரண்டு நிமிடம் விரிந்தே நின்றது. வீடியோ அனுப்பினேன்.

(ஐப்பசியில் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஈரக்காற்றில் மின்னூட்டம் நிற்காது, ஒழுகிவிடும். இங்கே வந்த நாலு வருடத்தில் மறந்துவிட்டேன். இந்த வரியை இரண்டு முறை அழித்தேன்.)

3.

வகுப்பு முடிந்ததும் அக்கா கூப்பிட்டாள்.

“டேய் ஆல்பின், தாளு விரிஞ்ச வேகத்துல மூடிக்கிச்சுடா. மூணு தடவ! தாளாளர் கடிகாரத்தப் பாக்குறாரு.”

“அய்யோ. அப்புறம்க்கா?”

“கடைசி பெஞ்சு செவ்வந்தி எந்திரிச்சு, ‘டீச்சர், காத்து பதினேழுக்கு மேல போயிருச்சு, திருப்பி அனுப்பிருங்க’ங்கறா. கிளாஸே சிரிக்குது.”

[சென்னையில் வளர்ந்து நம் வீட்டுக்கு மருமகளாக வந்த பிரின்ஸிக்காக: நெல்லில் ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். செவ்வந்தியின் அப்பாவுடைய நெல் நாலு நாளாக அந்த வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.]

“திட்டுனியா?”

“எதுக்குத் திட்டணும்? ‘சரி, எத்தன செகண்டுல மூடுது, எண்ணுங்க’ன்னேன். மூணு. பாட்டில பல்பு பக்கத்துல காய வச்சேன். பதினொண்ணு. ‘அப்ப காத்து எவ்ளோ ஈரம்னு இந்த பாட்டிலே சொல்லுமா டீச்சர்?’னு அவளே கேக்குறா.”

“தாளாளர்?”

“பேனாவ மூடி பையில வச்சிட்டாரு. என்ன அர்த்தம்னு தெரியலடா. சாயந்தரம் சொல்றேன்னாரு.”

4.

முடிவு ஒன்று: வேலை நிரந்தரம். சொல்லிப் பார்த்தேன், என் தவறை நானே மன்னித்துக்கொள்வது போல் இருந்தது. அழித்தேன்.

முடிவு இரண்டு: தாளாளர் அக்காவைக் கூப்பிட்டு

இங்கேயே நிறுத்திவிட்டேன்.

முடிவு மூன்று: வீடியோ அனுப்புவதற்கு முன்னால் நான் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இது நடக்காத முடிவு.

ஊரில் இப்போது மணி ஐந்தரை. அக்கா அழைக்கிறாள். எடுத்தால் போன் எழுதுவது நின்றுவிடும். நீங்கள் இதைப் படிக்கும்போது அவள் உங்கள் பக்கத்தில் இருப்பாள். முகத்தைப் பார்த்து, கடைசி வரியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

எடுக்கிறேன்.

“அக்கா, அங்க மழை விட்டுச்சா