நடக்கிற மாசம்

பிப்ரவரி பதினைந்தாம் தேதி நான் ஊரிலேயே இல்லை. ஆனால் என் மனைவியின் கர்ப்பம் அன்றைக்குத்தான் தொடங்கியது என்கிறது காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் எட்டு வரை வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை.

என் தங்கச்சி கடிதத்தை எட்டிப் பார்த்தாள். "ஏண்ணா, லிஃப்ட்லயே ஏறி வந்துட்டுப் போனியா?"

இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்த மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "கீழ என்ன போட்டிருக்காங்க? அதைப் படிங்க."

"மகப்பேறு காத்திருப்புக் காலம் முடிந்தது மார்ச் ஐந்து. கர்ப்பம் அதற்கு முன்பே தொடங்கியதால் அனுமதி இல்லை."

"பார்த்துப் பார்த்துத்தானேங்க திட்டம் போட்டோம்."

உண்மைதான். கல்யாணமான மாதமே காப்பீடு எடுத்தோம். பிரசவத்துக்கு மட்டும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மார்ச் ஐந்தைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருந்தோம்.

இப்போது பயம் வேறு. குழந்தைக்கு உணவு கொடுக்கும் நஞ்சுக்கொடி வழக்கமாகக் கருப்பையின் மேல்பக்கம் ஒட்டியிருக்கும். இவளுக்குக் கீழே, குழந்தை வெளியே வரவேண்டிய வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அந்த வாய் கொஞ்சம் திறந்தாலும் நஞ்சு பிய்ந்துகொள்ளும், ரத்தம் நிற்காது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்த வங்கி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியோ காப்பீட்டின் அனுமதிக் கடிதம் இருந்தால்தான் எங்களுக்குப் படுக்கை ஒதுக்கும்.

போன வாரம் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி பட்டது. அதிலிருந்து அவள் குளியலறைக்குப் போகும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளிருந்து "ஒண்ணுமில்ல" என்று குரல் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"நீங்க எழுதினதைத்தான் சார் கழிச்சோம்," என்றாள் போனை எடுத்த பெண். "செப்டம்பர் பதினஞ்சுல ஏழு மாசம்னு போட்டிருக்கீங்க."

போட்டிருந்தேன். படிவத்தை நிரப்பும்போது "எத்தனை மாசம்?" என்று கேட்டேன். "ஏழு" என்று அடுப்படியிலிருந்து மனைவியின் பதில் வந்தது. கர்ப்பக் கணக்கின் தொடக்கமாக டாக்டர் குறித்திருப்பது, கடைசியாகத் தூரமான மார்ச் பத்து. விரல் விட்டு எண்ணினேன்: மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். ஏழேதான். ஆனால் ஏழைக் கழித்தால் பிப்ரவரி வருகிறது. கூடுதலாக ஒரு மாதம் எங்கிருந்து முளைத்தது?

மறுநாள் ஒரு குடியிருப்பிலிருந்து அழைப்பு. ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். படியேறி ஏழாவதுக்குப் போனால், லிஃப்ட் அங்கே இல்லை. கீழிருந்து காவலாளி கத்தினார்.

"அங்க ஏன் போனீங்க? இங்க இருக்கு."

"அது ஆறுய்யா. பலகையில போட்டிருக்கே."

"தரையும் ஒரு மாடிதானே? அதையும் சேர்த்தா ஏழு. உங்க லிஃப்ட்டுக்குத்தான் பூஜ்யத்துல ஆரம்பிக்கிற வியாதி."

கருவிப்பையை வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னய்யா, தலை சுத்துதா?"

"இல்லண்ணே. இப்பதான் நின்னுச்சு."

வீட்டில் நாம் நடக்கிற மாதத்தைச் சொல்கிறோம். மாதம் பிறந்த முதல் நாளே 'ஏழு' ஆகிவிடும். அலுவலகம் முடிந்த மாதத்தை எண்ணுகிறது. மனைவிக்கு முடிந்தது ஆறு, ஏழாவது நடக்கிறது. இரண்டு கணக்கும் சரி. தரைக்கு என்ன எண் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் 'ஏழு தப்பு, ஆறுதான்' என்று இப்போது எழுதினால் யார் நம்புவார்கள்? சௌகரியத்துக்கு மாற்றுகிறான் என்பார்கள். எங்கள் வாய்ச்சொல்லை நம்பியிராத ஓர் அளவு வேண்டும். டாக்டரிடம் ஓடினேன்.

"முதல் ஸ்கேன் வெச்சிருக்கீங்களா?" என்றார் அவர். "அதுல குழந்தையோட நீளம் இருக்கும். ஆரம்ப வாரங்கள்ல எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்துல வளரும். அதனால நீளத்தை வெச்சு வயசைச் சொல்லிடலாம். பின்னால ஒண்ணு குண்டா இருக்கும், ஒண்ணு ஒல்லியா இருக்கும், கணக்கு நழுவிடும்."

மே பன்னிரண்டில் எடுத்த ஸ்கேன் பீரோவில் இருந்தது. ஒன்பது வாரம், பூஜ்யம் நாள். அறுபத்துமூன்று நாள் பின்னால் போனால் மார்ச் பத்து. கரு உண்மையில் உருவாவது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. எப்படி எண்ணினாலும் மார்ச் ஐந்துக்கு அப்புறம்தான்.

கடிதம் அனுப்பினோம். மூன்று நாள், குளியலறைக் கதவுக்கும் தொலைபேசிக்கும் நடுவே நின்றேன். நாலாம் நாள் அனுமதி வந்தது. அன்றைக்கே படுக்கையைப் பதிவு செய்தேன். பயம் போகவில்லை. ஆனால் ஓடுவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

செய்தது இவ்வளவுதான்: மாதத்தை அடித்துவிட்டு, 'செப்டம்பர் 15 அன்று 27 வாரம், 0 நாள்' என்று எழுதி, முதல் ஸ்கேனை இணைத்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கினோம்.