மாமியாருக்கும் தராத துணி

வல்லம் வடகாலுக்குத் தூசி எங்கிருந்தோ வந்து போகிறது என்று நினைப்பவர்கள் அந்த ஊரில் ஒரு நாள்கூடத் தங்காதவர்கள். அங்கே சொந்த வீட்டுக்காரர் தூசிதான். மனிதர்கள்தான் அதனிடம் வாடகைக்கு இருக்கிறார்கள். காலையில் துடைத்த டிவி மேல் மத்தியானம் விரலால் கையெழுத்துப் போடலாம், சாயங்காலம் கீரை விதைக்கலாம். எம்சாண்ட் மணல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று முனையில் திரும்பினால் போதும், எதிர்வீட்டு நாய் எந்த நிறம் என்பதே மறந்துபோகும்.

அப்படிப்பட்ட ஊரில், டிப்பர் போகிற ரோட்டை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மாடி போர்ஷனில் இருந்துகொண்டு, "எங்க வீட்ல தூசின்னு ஒண்ணு கெடையவே கெடையாது" என்று போனில் அளந்துவிட்டவன் மாரிராஜ்.

பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். அளந்தது சாதாரண ஆளிடமில்லை, கவியாவிடம். கவியாவும் அந்தப் பக்கம்தான், புளியங்குடிப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் செல்போனுக்குள் வைக்கிற சின்னச் சின்னச் சமாச்சாரங்களைப் பொருத்துகிற லைனில் வேலை. தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு அங்கி, காலுக்கு உறை என்று நிலாவுக்குக் கிளம்புகிறவள் மாதிரிதான் தினமும் வேலைக்குள் நுழைவாள். இரண்டு குடும்பமும் பேசி முக்கால்வாசி முடித்துவிட்ட கல்யாணம். மீதிக் கால்வாசியைக் கவியா தன் கையில் வைத்திருந்தாள்.

"ஒரு பொட்டுத் தூசி விழுந்துரக் கூடாதுன்னு ஷிப்டு முழுக்க மூச்சக்கூட அளந்து அளந்து விடுதேன்," என்றாள் போனில். "வீட்டுக்கு வந்தும் தூசியோட மல்லுக்கட்ட என்னால ஆவாது. இப்பவே சொல்லிட்டேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கிடுவோம்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்து சாம்பார் கொதித்திருக்கும். மாரிராஜுக்கு வாய் அப்படி அமையவில்லை. தூசியே கிடையாது என்று சொல்லிவிட்டான்.

"அப்படியா?" என்றாள் கவியா. அந்த ஒரு வார்த்தையை அவள் இழுத்த இழுப்பில் ஒரகடம் வரைக்கும் போய்த் திரும்பலாம். "ஞாயித்துக்கெழம எங்கம்மா ஊர்லேருந்து வாராவ. வீடு பார்க்க வாரோம்."

வீடு பார்க்க வருவதென்றால் சும்மா இல்லை. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து, எல்லாம் பிடித்திருந்தால்தான் கை நனைப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு மடக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. "இன்னொரு நாள் வாரோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் எந்தக் காலண்டரிலும் அச்சாவதில்லை.

போனை வைத்துவிட்டு மாரிராஜ் வீட்டைப் பார்த்தான். வீடும் அவனைப் பார்த்து ஒரு தும்மல் போட்டது. தும்மியது உண்மையில் மணிகண்டபிரபு. கல்யாணம் வரைக்கும் கூட இருக்கட்டும் என்று தங்கியிருக்கும் ஊர்க்காரச் சிநேகிதன்.

"ஏல, இதெல்லாம் ஒரு வேலையா," என்றான் மணிகண்டபிரபு, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நல்லா ஒரு டஸ்டர் இருந்தா முடிஞ்சிட்டு."

அங்கேதான் தொடங்கியது. நல்ல டஸ்டர் எது?

முதலில் மாரிராஜ் தனக்குத் தெரிந்ததை எடுத்தான். கம்பெனியில் எண்ணெய்க் கையைத் துடைக்கத் தருகிற பனியன் வேஸ்ட். இரும்பில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சுகிற துணிக்குத் தூசி எம்மாத்திரம் என்று அலமாரியைத் துடைத்தான். தூசி போய்விட்டது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் துணி போன இடத்தில் எல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பிசிறு நின்றது. ஒரே ராத்திரியில் அலமாரிக்கு நரைத்துவிட்டது.

அடுத்தது, பைக்கில் வாளியும் முறமும் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் வாங்கிய நைலான் டஸ்டர். பச்சை, ரோஸ், ஊதா என்று மயில் பொறாமைப்படுகிற அழகு. அதைச் சுழற்றிச் சுழற்றித் தட்டியதில் டிவி மேலிருந்த தூசி பாய்க்குப் போனது, பாயிலிருந்து தண்ணீர்க் குடத்துக்குப் போனது, குடத்திலிருந்து மாரிராஜின் மீசைக்கு வந்து இளைப்பாறியது. அந்த டஸ்டர் தூசியை டிரான்ஸ்ஃபர் பண்ணுமே ஒழிய வேலையை விட்டு நீக்காது.

"தள்ளு," என்றான் மணிகண்டபிரபு. அவன் வேலை பார்க்கிற இடத்தில் எல்லாவற்றையும் காற்றடித்தே சுத்தம் செய்வார்கள். தெரிந்த மெக்கானிக்கிடமிருந்து ப்ளோயர் ஒன்றை இரவல் வாங்கி வந்துவிட்டான். "ரெண்டே நிமிசம். எங்க லைன்ல இதான். தூசி எங்க போச்சின்னே தெரியாது."

எங்கே போயிற்று என்பது நன்றாகவே தெரிந்தது. ஜன்னல் வழியாக மேகம் போல் எழுந்து போய், கீழே கொடியில் காய்ந்த மஞ்சள் பட்டுச்சேலை மேல் மொத்தமாக இறங்கியது. சேலை, வீட்டு ஓனரம்மா சின்னப்பொண்ணுடையது. படியேறி அவள் வந்த சத்தத்தில் டிப்பர் லாரியே ஒதுங்கி வழிவிட்டிருக்கும்.

"இன்னாடா பண்றீங்க? வூட்ட தொடைங்கடான்னா வூட்டயே ஊதித் தள்ளிகினு கீறீங்க! வல்லக்கோட்டைக்குக் கட்டிகினு போவ எடுத்து வெச்ச சேலைடா அது. முருகனே மயில வுட்டு எறங்கி வந்து யாரும்மா நீன்னு கேப்பாரு போல கீது!"

"அக்கா, தெரியாம..." என்றான் மாரிராஜ்.

"பொண்ணு வந்து கால் வெச்சா இன்னா பண்ணுவே? அத்தயும் ஊதிடுவியா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினாள். "எங்கிட்ட பழைய நைட்டி ஒண்ணு கீது. காட்டன். கிழிச்சித் தரேன், அத்த வெச்சித் தொட."

"வேண்டாம்க்கா. நானே கண்டுபிடிக்கேன்."

"அடேங்கப்பா, ரோசத்தப் பாரு!" என்று சேலையை உதறிக்கொண்டே இறங்கிப் போனாள்.

மாரிராஜுக்கு உண்மையிலேயே ரோசம் வந்துவிட்டது. மறுநாள் ஷிப்டு முடிந்ததும் ஒரகடம் கூட்ரோட்டில் கார் சாமான் விற்கிற கடைக்குப் போனான். இருக்கிற மைக்ரோஃபைபர் துணி அத்தனையும் எடுத்துப் போடச் சொன்னான். பெண்ணுக்குப் பட்டு எடுக்கிறவர்கள்கூட அப்படிப் புரட்டியிருக்க மாட்டார்கள். வெளிச்சத்தில் பிடித்தான், நீவினான், கன்னத்தில் ஒற்றினான். கடைசியில் மாதிரித் துணிகளோடு வெளியே வந்து, வாசலில் நின்ற யாரோ ஒருவரின் பைக் டேங்கை ஒவ்வொன்றாலும் ஒரு கோடு துடைத்துப் பார்த்தான். பைக்குக்காரர் டீக்கடையிலிருந்து ஓடிவந்து, "சீட்டையும் சேர்த்துத் தொடச்சிடுங்க சார்" என்று கேட்டுக்கொண்டார்.

மெல்லிய ரோஸ் துணி தூசியைத் தள்ளிக்கொண்டு போனது. நீலம் பரவாயில்லை, ஆனால் உதறினால் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. சாம்பல் நிறத்தில் ஒன்று, பூனைக்குட்டி முதுகு மாதிரி அடர்த்தியாய் மயிர் நின்றது. ஓரத்தில் முரட்டுத் தையல் இல்லை. அது போன வழியில் டேங்க் பளிச்சென்று மின்னியது. உதறினான், ஒன்றும் விழவில்லை. தின்ற தூசியை அது கக்கவே இல்லை.

"இதான்," என்றான் மாரிராஜ். கடைக்காரருக்கே கண் கலங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு அந்தத் துணியை அவன் நடத்திய விதமே வேறு. லேசாக ஈரம், சொட்டக் கூடாது. நாலாக மடித்தால் எட்டுப் பக்கம். ஒரு பக்கம் அழுக்கானால் அடுத்த பக்கம். ஃபேன் இறக்கையில் தொடங்கி, அலமாரி உச்சிக்கு வந்து, டிவி, மேஜை என்று படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். கடைசியில்தான் தரை. கீழே தொடங்கி மேலே போகிறவன் வாழ்நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பான். இதை மணிகண்டபிரபுவுக்கு அவன் சொன்ன தோரணையில் ராக்கெட் விடுகிறவர்கள் பாடம் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லா லைட்டையும் போட்டுவிட்டுச் சின்னப்பொண்ணை மேலே கூப்பிட்டான். அவள் நாற்காலி மேல் ஏறி ஃபேன் இறக்கையில் விரலை ஓட்டினாள். விரலைப் பார்த்தாள்.

"விபூதி கணக்கா நெத்தில இட்டுக்கலாம்னு ஏறனேன். ஒண்ணுமே காணோமேடா!"

மாரிராஜ் அன்றைக்கு இரண்டு அங்குலம் வளர்ந்தான். கதவு நிலை இடிக்குமோ என்று குனிந்துகூட நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கவியாவும் அவள் அம்மா உலகம்மாளும் வர இன்னும் நேரம் இருந்தது. கடைசியாக ஒரு சுற்றுத் துடைத்துவிடுவோம் என்று துணியை எடுத்தான். டிவி மேல் ஓட்டினான். தூசி நகரவில்லை. நத்தை ஊர்ந்த மாதிரி கோடு கோடாய்ப் பளபளத்தது. மேஜையில் ஓட்டினான், அங்கேயும் அதே கோடு. துணியை முகத்தருகே கொண்டு வந்தான். கமகமவென்று மல்லிகை வாசனை.

"ஏல பிரபு! துணிய என்னல பண்ணின?"

மணிகண்டபிரபு பெருமையோடு எட்டிப் பார்த்தான். "நேத்து துவைக்கப் போட்டேன்லா, அப்ப அந்த மணக்குத தண்ணியில முக்கிப் போட்டேன். பொண்ணு வருது, மணக்கட்டும்னுதான்."

மாரிராஜுக்கு விளங்கிவிட்டது. துணியை மெத்தென்று ஆக்குகிற அந்தத் திரவம், இழைக்கு இழை எண்ணெய் பூசின மாதிரி மூடிவிட்டது. தூசியைக் கவ்வுகிற பல் எல்லாம் மழுங்கிப்போயிற்று. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு அலசினால் ஒருவேளை திரும்ப வரும். ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தான். வீட்டில் இருந்ததே ஒரு பாத்திரம், டீ போடுகிற பாத்திரம். அதில் தண்ணீர் ஊற்றி, சோப்புத்தூளைத் தூவி, துணியைப் போட்டான். கீழே ஆட்டோ வந்து நின்றது.

உலகம்மாள் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிடத் தோதான நுனி.

"என்ன மாப்ள, அடுப்பெல்லாம் பத்தவச்சிருக்கிய? எங்களுக்கு டீ கீ ஒண்ணும் வேண்டாம்யா. இப்பத்தான் குடிச்சோம்."

கை நனைக்கப் போவதில்லை என்று அர்த்தம். இருந்தாலும் அவளால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "இது என்னது, கருப்பா மெதக்குது? தூள அள்ளிப் போட்டுட்டியளா?"

"துணி அத்த," என்றான் மாரிராஜ்.

உலகம்மாள் நாற்காலி நுனிக்கே திரும்பிப் போனாள்.

கவியா அதற்குள் டிவி பக்கம் போய்விட்டாள். அவள் விரல் ஒரு கோடு போட்டது. விரலை அவன் முன்னால் நீட்டினாள். "தூசியே கெடையாதுன்னீங்க. இது என்னது?"

"தூசி," என்றான். வேறு என்ன சொல்வது? "வெள்ளிக்கெழம கெடையாது. இன்னிக்கித் துணி மக்கர் பண்ணிட்டு."

நடந்ததை எல்லாம் சொன்னான். பனியன் வேஸ்ட், நைலான் மயில், ப்ளோயர், பட்டுச்சேலை, பைக் டேங்க் வரைக்கும். மணிகண்டபிரபு மூலையில் நின்று, "மணக்கட்டும்னுதான்..." என்று முனகினான். கவியா இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கோபமா சிரிப்பா என்று மாரிராஜுக்குத் தெரியவில்லை.

சொல்லிக்கொண்டே துணியை எடுத்து, குழாயடியில் அலசி, பிழிந்து, நாலாய் மடித்தான். அலமாரி உச்சியில் ஓட்டினான். தூசி வந்துவிட்டது! மொத்தமாய், ஓசைப்படாமல், துணிக்குள். அவன் முகம் திருவிழா லைட் மாதிரி எரிந்தது.

உலகம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஆம்பளப் புள்ள நின்னு தொடைக்க, நான் உக்காந்து பார்க்கவா? குடுங்கய்யா இங்க." துணியின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம் அத்த, விடுங்க."

"குடுங்கன்னா. கல்யாணம் ஆன நாள்லேருந்து தொடைக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று மேஜைப் பக்கம் இழுத்தாள்.

"அங்க இப்பத் தொடக்கூடாது அத்த! மேல முடிக்காம கீழ தொட்டா மறுபடியும் கொட்டும். நீங்க பிடிக்கிற பிடியில மடிப்பும் கலையுது. எட்டுப் பக்கமும் வீணாப் போயிரும்." வெடுக்கென்று ஒரு இழு. துணி அவன் கைக்கு வந்துவிட்டது.

வெளியே போன டிப்பர்கூடச் சத்தமில்லாமல் போனது. மணிகண்டபிரபு கண்ணை மூடிக்கொண்டான். கை நனைக்க வந்த மாமியார் கையிலிருந்து துணியைப் பிடுங்கிய மாப்பிள்ளை ஏழு ஜில்லாவிலும் கிடையாது.

"எங்கையிலேருந்து இதுவரைக்கும் யாரும் எதையும் புடுங்குனதில்ல," என்றாள் உலகம்மாள், ஒவ்வொரு வார்த்தையாக. "கவியா, எந்திரி. போவோம்."

மாரிராஜ் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தான். கையோ துணியை இன்னும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தது.

கவியா எழுந்திருக்கவில்லை. இருந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா போணும்? உனக்கே குடுக்காத ஆளு எனக்கு மட்டும் குடுத்துருவாங்களா? ஆயுசுக்கும் அந்தத் துணி என் கைக்கு வராது. எனக்கு இதுதான் வேணும்."

உலகம்மாள் மகளைப் பார்த்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு போய், அவன் துடைத்திருந்த அலமாரி உச்சியில், நுனிக்காலில் எக்கி, விரலை ஓட்டினாள். விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காத எரிச்சல் அந்த முகத்தில் அப்பட்டமாய்த் தெரிந்தது.

"எங்க வீட்டு ஆளு சாப்பிட்ட தட்டக்கூட எடுத்து வச்சதில்ல," என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். திரும்பி வந்தவள் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தாள். "சரி, டீ எங்க?"

டீப் பாத்திரம் சோப்பு நுரையோடு பல்லைக் காட்டியது. அதுவரைக்கும் மாடிப்படியில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சின்னப்பொண்ணுதான் குரல் கொடுத்தாள். "நம்ம வூட்ல கீதும்மா! கேசரியும் கெளறி வெச்சிகீறேன், எடுத்தாரேன்!"

கேசரி வந்தது, டீ வந்தது. உலகம்மாள் மூன்று விரலால் கேசரியை எடுத்து வாயில் போட்டாள். கவியா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். மணிகண்டபிரபு மிச்சத்தை பஞ்சத்தில் அடிபட்டவன் மாதிரி முடித்தான்.

"மாப்ள, டீ ஆறுது. வாங்கய்யா."

"வந்துட்டேன் அத்த," என்றான் மாரிராஜ், ஜன்னல் பக்கம் நின்று, திரும்பாமல். "இந்தக் கம்பி மட்டும் பாக்கி."