யசோதராவுக்கு ஒரு கிண்ணம்

யசோதரா கட்டடக்கலைஞர். கரண்டியின் வளைவில்கூடக் குறை கண்டுபிடிப்பவள். அவளுடைய புது வீட்டுக்குப் பரிசு வாங்குவதென்றால் சும்மாவா? திருகோணமலைக் கடையெல்லாம் ஏறி இறங்கிய அவள் தோழி அம்ரா, கடைசியில் அந்த மண்கிண்ணத்தைக் கண்டதும் துள்ளிக் குதித்தாள். மாரிகாலத்துத் துறைமுகத் தண்ணீரின் நிறம். விளிம்பில் வனைந்தவரின் விரல் தடம்!

ஆனால் வெறுங்கிண்ணத்தை எப்படிக் கொடுப்பது? அம்ராவின் ஊரான கிண்ணியாவில் அப்படி வழக்கமில்லை. தித்திக்கும் வட்டிலப்பம் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது யசோதரா வீட்டிலும் வழக்கமில்லை. மறுநாளே பளிச்சென்று கழுவிய கிண்ணம் முறுக்கோடு வந்து சேர்ந்தது. 'கிண்ணந்தான் பரிசு' என்று வாய்விட்டுச் சொல்ல அம்ராவுக்குக் கூச்சம். தொதல் இனிப்பை நிரப்பித் திரும்ப அனுப்பினாள்.

இந்தமுறை மாம்பழங்களோடு யசோதராவே வந்துவிட்டாள்.

"அம்ரா, குறை நினையாதேங்கோ. இதைத் திருப்பித் தர மனமே வரேல்ல. எங்க வாங்கினனீங்கள்?"

அம்ராவுக்குச் சிரிப்பு பீறிட்டது. மாம்பழங்களை மேசையில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள்.

"இந்தாங்க, இண்டைக்கு இதுக்குள்ள ஒண்டுமே இல்ல. இனித் திருப்பித் தர ஏலாது!"