விரலில் சுற்றிய துணி

தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி இரண்டு தடவை நழுவிவிட்டது. வலது தாடைக்குக் கீழே வீக்கம் தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்ததால், முடிச்சு உச்சந்தலையில் நிற்கவில்லை. சஃபியா மூன்றாம் தடவை துணியைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனபோது ரோஷன் பேகம் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"விடு. உன் கை அவ வாயில பட்டது போதும்."

சஃபியா கையை எடுத்துக்கொண்டாள். ரோஷன் பேகம் அவளுடைய பெரியம்மா. கிடத்தப்பட்டிருந்த உம்மா ஆஸியா பீவிக்கு மூன்று வயது மூத்தவள். பெரியம்மா பழைய துப்பட்டியிலிருந்து அகலமாக ஒரு கீற்றுக் கிழித்து, வீக்கத்தையும் சேர்த்து அணைத்துக் கட்டினாள். அது நின்றது. அது நின்றதும் சஃபியாவுக்குக் கோபமாக வந்தது. இதில்கூடத் தன் கைக்கு ஒன்றும் சரியாக வரவில்லையே என்று பட்டது.

உம்மாவின் மூச்சு விடியுமுன், சகர் உணவு நேரத்தில் நின்றது. நோன்பு இருபத்தாறு. வந்த பெண்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "பெரிய ராவுக்கு, இருபத்தேழாம் ராவுக்கு முந்தி, நோன்போட போயிட்டா. யாருக்குக் கிடைக்கும்?" இரண்டு நாளாகத் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்தவளுக்கு நோன்பு எது, பட்டினி எது என்று கேட்க சஃபியாவுக்கு வாய் வந்தது. கேட்கவில்லை.

பெரியப்பா முகைதீன் பிச்சை சாவைப் பதிய மேரிக்கு, நகராட்சி ஆபீசுக்குப் போயிருந்தார். பிரெஞ்சுக்காரன் போய் ஒன்றரை வருஷமாகியும் அந்த ஆபீசுக்கு அந்தப் பேர் போகவில்லை. அவர் திரும்புவதற்கு முன்பே தெருவாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. பல் டாக்டர் சோமசேகரன் வந்திருந்தார். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பெரியம்மா இருந்த இடத்திலிருந்தே வாசலுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "அவரை உள்ள கூப்புடாதீங்க. சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கி விட்டாச்சி. இன்னும் எத்தனை பல்லு பாக்கின்னு எண்ணிட்டுப் போக வந்திருக்காரா?"

சஃபியா எழுந்து வாசல் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். திரையின் அடியில் டாக்டரின் செருப்பும் குடையின் முனையும் தெரிந்தன.

"ஊசிக்குக் கட்டுப்படும்னு நெனச்சேம்மா," என்றார் அவர். "துணி வச்சித் துடைக்கச் சொன்னேனே. நடந்துச்சா?"

"பதினொரு நாள்."

"அப்புறம்?"

"நோன்பு வந்திடிச்சிங்க."

"பதினொண்ணாம் நாள் எப்படி இருந்துச்சி?"

"நூல் மாதிரி. அவ்வளவுதான் செவப்பு."

குடையின் முனை மண்ணில் ஒரு சிறு குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் நாலு நாளு," என்றார். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவர் அதைச் சொல்லாமலே போயிருக்கலாம் என்று சஃபியா நினைத்தாள். பிறகு, கேட்டதற்குப் பதில் சொன்னவள் தான்தானே என்றும் நினைத்தாள்.

சமையல்கட்டுக் கதவின் பின்புறத்தில் கரிக்கோடுகள் பதினொன்றும் அப்படியே இருந்தன.

*

டாக்டரிடம் போகலாம் என்று சொன்னவளும் சஃபியாதான். மூன்று வருஷமாக உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். தலையணையில் காலையில் துருப்பிடித்த நிறத்தில் கறை இருக்கும். பெரியம்மா தன் பாயை நடு அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிக்கொண்டதற்குப் புழுக்கம் என்று காரணம் சொன்னாள். அந்தப் புழுக்கம் மார்கழியிலும் இருந்தது. உம்மா தன் தம்ளரைத் தானே தனியாகக் கவிழ்த்து வைக்கப் பழகிக்கொண்டாள்.

டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு வெகு நேரம் பார்த்தார். "பல்லு நல்ல பல்லும்மா," என்றார். "சொத்தையே இல்லே. பல்லைப் பிடிச்சிருக்கிற சதைதான் நோவு. பயோரியா." தோணி அடியில் கொட்டலசுச் சிப்பி பிடிக்கிற மாதிரி ஈறுக்குக் கீழே காரை பிடித்துவிட்டது, அது இருக்கிறவரை சதை பல்லை ஒட்டாது என்றார். எதால் பல் விளக்குகிறீர்கள் என்று கேட்டார். உமிக்கரியும் உப்பும் என்றாள் உம்மா. "ரத்தம் வந்தா?" "வந்த பக்கம் விட்டுடுவேன்."

"அங்கதான் தப்பு," என்றார் டாக்டர். "ரத்தம் வருதுன்னு விட்டா ரத்தம் நிக்காது."

மூன்று தடவை வரச்சொல்லிச் சுரண்டி எடுத்தார். கிண்ணத்தில் விழுந்த சில்லுகள் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்புக் கட்டிபோல் இருந்தன. மூன்றாம் தடவை சஃபியாவின் விரலை வாங்கி ஈரத் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்து, ஈறிலிருந்து பல்லை நோக்கி, இரண்டு வேளை. முதலில் நிறைய வரும். பயப்படக்கூடாது. சதை இறுகினால் தானே நின்றுவிடும். "துணி வெள்ளையா வந்த அன்னைக்கு வந்து சொல்லு. பதினஞ்சு நாள் ஆகலாம்."

நாள் தவறிவிடும் என்ற பயத்தில் சஃபியா கதவில் கோடு போட்டாள். முதல் நாள் துணி முழுதும் சிவந்துவிட்டது. உம்மாவின் கண்ணில் நீர் வந்தது. தான் அழுத்திவிட்டோமோ என்று சஃபியாவுக்கு அன்று முழுவதும் சந்தேகமாக இருந்தது. ஐந்தாம் நாள் பாதிதான். ஒன்பதாம் நாள் உம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் முந்தானையைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பெரியம்மா மட்டும் ஒவ்வொரு மாலையும் நடைவழியில் நின்றே மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்பாள்: "ரத்தம் வருதா?" வருகிறது என்றால், "நான் சொன்னேனே" என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

நோன்புப் பிறை கண்ட மாலை சஃபியா கிண்ணத்தோடு வந்தபோது பெரியம்மா குறுக்கே நின்றாள்.

"இன்னையோட நிறுத்து."

"ராத்திரிதானே பெரியம்மா. நோன்பு விடியத்தான்."

"ராத்திரி கிளறினா பகல்ல கசியும். கசிஞ்சத அவ முழுங்குவா. ஒரு நோன்பு பாக்கி வச்சதில்லே நாங்க ரெண்டு பேரும். உன் கந்தத் துணியால அது போகணுமா?"

"துப்பிட்டாப் போச்சி."

"மார்க்கம் நீ சொல்லுவியா? சுல்தான் பீவிகிட்ட கேட்டுட்டேன். கூடவே கூடாதுன்னுட்டாங்க."

சுல்தான் பீவி அந்தத் தெருப் பெண்களுக்கு ஓதிக்கொடுப்பவர். இறந்துபோன பெண்களின் மய்யித்துகளைக் குளிப்பாட்டுபவரும் அவர்தான். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. உம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானை மறுபடி வாய்க்குப் போயிற்று.

"பெருநா கழிச்சிப் பார்த்துக்குவோம் புள்ள. ஒரு மாசந்தானே."

சஃபியா உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினாள். "உங்க வாயி. உங்க நோன்பு," என்றாள்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பன்னிரண்டாம் நோன்பில் வாடை திரும்பியது. இருபதில் கடைவாயில் வலி. இருபத்து மூன்றில் வீக்கம். பெரியம்மா மூன்று ராத்திரி கண் மூடாமல் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். இருபத்து நான்காம் நாள் டாக்டரை அழைத்து வந்தபோது பகலில் ஊசி வேண்டாம் என்று உம்மா கையை ஆட்டினாள். பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பிறகுதான் போட முடிந்தது. இந்த ராத்திரியே தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்றார் அவர். உம்மாவுக்குப் பேச வரவில்லை. இரண்டு விரலைக் காட்டி, பிறகு ஏழு விரலைக் காட்டினாள். இருபத்தேழு கழியட்டும் என்று அர்த்தம்.

*

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கொல்லையில் வேட்டிகளைக் கட்டி மறைப்பு எழுப்பினார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர் கொதித்து ஆறிக்கொண்டிருந்தது. சுல்தான் பீவி பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளைத் துணியைக் கைக்கீற்றுகளாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"யாரு யாரு உள்ள நிக்கிறீங்க?"

"நான் தண்ணி ஊத்துறேன்," என்றாள் பெரியம்மா. "வேற யாரும் வேணாம். இவ வெளிய இருக்கட்டும்."

"பெத்த மக வெளிய இருக்கிறதா?"

"இவ கையாலதான் அவளுக்கு இந்தக் கதி. டாக்டர் கிளறினதை இவ தினம் கிளறினா."

சஃபியா மறைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இங்கேயும் ஒதுக்கப்பட்டால் உம்மாவை இனித் தொட முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. மாலை அசர் தொழுகைக்குச் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிடுவார்கள்.

சுல்தான் பீவி முகத்துத் துணியை விலக்கி வீக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் குனிந்து தாடைக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தார். "இப்புடி முத்துற வரைக்கும் என்னா செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க," என்றாள் சஃபியா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "நோன்புல வாயில கை வைக்கக் கூடாது, ரத்தம் வந்தா நோன்பு போயிடும்னு."

"நானா? யாருகிட்ட?"

சஃபியா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா அண்டாவில் செம்பை முக்கிக்கொண்டிருந்தாள். செம்பு நிறைந்த பிறகும் வெளியே எடுக்கவில்லை.

"எங்கிட்ட யாரும் கேக்கலியே," என்றார் சுல்தான் பீவி. "ஈறு எப்பவும் கசியிற நோவுக்காரிக்கு அதுல என்ன குத்தம்? துப்பினாப் போதும். நோவு முத்துனா நோன்பையே விட்டுட்டு, விட்ட நாளுக்குப் பின்னால கழா பிடிக்கலாம். சின்னப் புள்ளைங்களுக்கே சொல்லிக் குடுக்குறேன் இதை."

பெரியம்மா செம்பை எடுக்காமலே சொன்னாள்:

"நான் கேக்கலே. சரி. இவ கேட்டாளா? அஞ்சு வீடு தள்ளித்தானே இருக்கீங்க. இருபத்தாறு நாளு. கால் இல்லையா இவளுக்கு?"

சஃபியா கேட்கவில்லைதான். அன்று கோபத்தில் இருந்தாள். பிறகு வாய் நாற்றத்தைப் போய் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டாள். அதற்கும் பிறகு, கேட்டு அவர் கூடாது என்று சொல்லிவிட்டால் பெரியம்மா ஜெயித்துவிடுவாளே என்று நினைத்தாள். மூன்றும் உண்மை. எது முதலில் என்றுதான் அவளுக்கு நிச்சயமில்லை.

"ரெண்டு பேரும் சண்டையை வெளிய வச்சிட்டு வாங்க," என்றார் சுல்தான் பீவி. "மகளுக்குத்தான் முதல் உரிமை. உள்ள வா."

பெரியம்மா அண்டாவிலிருந்து செம்பை எடுத்தாள்.

தாடைக் கட்டை அவிழ்த்தார்கள். வாய் மூடியபடி நின்றது. சுல்தான் பீவி ஒரு கீற்றைத் தண்ணீரில் நனைத்துத் தன் விரலில் சுற்றப் போனார்.

"வாயைத் திறக்கக் கூடாது. உதட்டை மட்டும் விலக்கிப் பல்லு மேல துடைக்கணும்."

"நான் செய்றேன்," என்றாள் சஃபியா.

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் துணியைக் கொடுத்தார். சஃபியா ஆள்காட்டி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். விரலுக்கு மறக்கவில்லை.

"மய்யித்துக்கு இடது கை," என்றார் சுல்தான் பீவி.

அவள் அவிழ்த்து இடது கையில் சுற்றிக்கொண்டாள். மேல் உதட்டை விலக்கினாள். ஈறிலிருந்து பல்லை நோக்கி, ஒரே போக்கில். பிறகு கீழே. அழுத்துகிறோமோ என்று இரண்டு தடவை நிறுத்தினாள். உம்மா முகத்தைச் சுருக்கவில்லை. முதல் துணியில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. வாடை எழுந்தது. பெரியம்மா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டாம் துணியில் மஞ்சள் வெளிறிவிட்டது. சுல்தான் பீவி மூன்றாவதை நனைத்து நீட்டினார். சஃபியா கடைவாய் ஓரம்வரை, விரல் எட்டிய மட்டும், மெதுவாகத் துடைத்து எடுத்தாள்.

"ரத்தம் வருதா?" என்றாள் பெரியம்மா.

நடைவழியில் நின்று கேட்ட அதே கேள்வி. குரல் மட்டும் வேறாக இருந்தது.

சஃபியா விரலிலிருந்து துணியை உருவி உள்ளங்கையில் விரித்து அவள் பக்கம் நீட்டினாள். வேட்டி மறைப்பின் வழியாக வந்த வெயிலில் துணி வெள்ளையாக இருந்தது.

பெரியம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கையில் செம்பு தானாகச் சாய்ந்தது. தண்ணீர் துணியின் மேலும் சஃபியாவின் கையின் மேலும் விழுந்து, பலகைக்கு அடியில் வெட்டியிருந்த கால்வாயில் ஓடியது.