கல்லக்காவின் கூலி

போனில் ஆடும் அந்த விளையாட்டில் ஓர் ஆறு உண்டு. கரை நெடுகப் பாலங்கள் இருந்தாலும் எதுவும் தானாக இறங்காது. இக்கரையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கும். அதில் யாராவது ஏறி நின்று, போனில் கட்டைவிரலை அழுத்தியபடியே இருந்தால்தான் பாலம் இறங்கும். விரலை எடுத்தால் விருட்டென்று மேலே போய்விடும். நடுவில் இருக்கிறவர் தண்ணீரில். பாலத்தில் நடக்கிறவருக்கு அக்கரையில் வெள்ளிக் குதிரை காத்திருக்கும். கல்லில் நிற்கிறவருக்குக் கொசுக்கடி காத்திருக்கும். நிற்க நிற்க உயிர்க்கோடு தேய்ந்துகொண்டே வரும். விளையாட்டைச் செய்த புண்ணியவான் உதவி என்றால் என்னவென்று நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறான்.

அதனால் அங்கே ஒரு கடைத்தெருவே முளைத்துவிட்டது. 'போக ஐம்பது, வர ஐம்பது, காசை முதலில் வைக்கவும்' என்று தலைக்கு மேல் எழுதிக்கொண்டு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். எல்லாம் விளையாட்டுக் காசு. ஆனாலும் அவர்கள் பேரம் பேசுகிற அழகைப் பார்த்தால், வீடு வாங்கி விற்கும் தரகர்கள்கூட வெட்கப்பட்டு ஒதுங்கிப் போவார்கள்.

தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு வந்து, தலைக்கு மேல் எதுவும் எழுதாமல் கல்லில் ஏறுகிற ஒரே ஆள் காஜா. விளையாட்டில் அவளைக் கல்லக்கா என்பார்கள். காஜா என்பது கம்பெனி வைத்த பெயர். சட்டை தைக்கிற இடத்தில் ஆறு வருடமாகப் பொத்தான் ஓட்டை போடும் காஜா மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மெஷினுக்குத் தலையில் ஒரு கண் இருக்கிறது. ஊசி சுற்றித் தைத்து, கத்தி இறங்கித் துணியைக் கிழிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஓர் எண் ஏறும். சாயங்காலம் ஆயிரத்து நூறைத் தொட்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் அண்ணி அவள் எத்தனை வாளி தண்ணீர் எடுத்தாள் என்று எண்ணுவாள். பஸ்ஸில் கண்டக்டர் தலையை எண்ணுவார். எண்ணாத ஓர் இடம் அந்தக் கல். இருபது நிமிடம் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். யார் போனார்கள், எத்தனை பேர் போனார்கள், அவளுக்குத் தெரியாது.

கடந்து போகிறவர்கள் மேல் அவளுக்குப் பாசம் கிடையாது. பாதிப் பேர் நன்றிகூடச் சொல்ல மாட்டார்கள். சிலர் பாலத்தின் நடுவில் நின்று ஆட்டம் போடுவார்கள். 'லூசுங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு விரலை எடுக்காமல் இருப்பாள்.

கேன்டீனில் அவளுக்கு எதிரே உட்காருகிற காலர் அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. சட்டைக்குக் காலர் வைப்பவள். வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ஏண்டி, கொசு கடிச்சுச் சாகுறதுக்கு நாலு காசு வாங்கினா கை அழுகியா போயிடும்?"

"வேணாம்க்கா."

"கூலிக்கு நிக்கிறவங்க எல்லாம் உன்னத் திட்டித் தீர்க்கிறாங்களாம். நீ ரேட்டக் கெடுக்கிறியாம்."

"திட்டட்டும்."

"பெரிய வள்ளல். உன் டிபன் பாக்ஸ்ல இருக்கிறதக் கேட்டா மட்டும் தர மாட்ட."

காஜா டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தினாள். எட்டிப் பார்த்த காலர் அக்கா, "இத நீயே சாப்பிடு" என்று திருப்பித் தள்ளினாள்.

ஒரு காசு வாங்கினால் இரண்டாவது காசு எப்போது வரும் என்று பார்க்கத் தோன்றும். அப்புறம் அந்தக் கல்லுக்கும் காஜா மெஷினுக்கும் என்ன வித்தியாசம்? இதைக் காலர் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் லைன் முழுவதும் சிரிக்கும்.

பூட்டில்லாத அந்த வாய்தான் கடைசியில் விஷயத்தைச் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சூப்பர்வைசருக்குப் பின்னால் எல்லோரும் சொல்லும் பெயர் நிமிஷம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். லைனில் முப்பத்திரண்டு பேர். கழிவறைக்குப் போக ஒரே ஒரு பிளாஸ்டிக் அட்டை. அது அவருடைய சட்டைப்பையில் இருக்கும். போக வேண்டியவள் எழுந்து வந்து, அவர் எதிரில் நின்று, கேட்க வேண்டும். அவர் கடிகாரத்தைத் தட்டிவிட்டுத்தான் அட்டையைக் கொடுப்பார். திரும்பி வந்ததும் நோட்டில் எழுதுவார். நாலு நிமிடத்துக்கு மேல் போனால், "உள்ள என்ன வீடு கட்டினியா?" என்று லைனுக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதைக்கூட அவர் தன் நிர்வாகத் திறமையில் சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவு பெரிய மனிதர் மூன்று வாரமாக அந்த ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, போன மாதமே குதிரையோடு வந்துவிட்டான். தினமும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "என்ன மாமா, இன்னும் இக்கரைதானா?" என்று கேட்கிறானாம். கூலி கொடுத்துக் கடக்க நிமிஷத்துக்கு மனம் வரவில்லை.

காஜா மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். "நீதான் கல்லக்காவாமே."

காஜா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கு லஞ்ச்ல என்னைய ஏத்தி விட்டுடு. பன்னெண்டு நாப்பது. லேட் பண்ணாத."

கேட்டிருந்தால் ஏற்றி விட்டிருப்பாள். இவரைப் போல எத்தனையோ லூசுகளை ஏற்றி விட்டிருக்கிறாள். ஆனால் அவர் ஆர்டர் போட்டார். ஆயிரத்து நூறோடு இன்னொன்று, அவ்வளவுதான். அப்போது முன் வரிசையில் ஒருத்தி எழுந்து வந்து அட்டைக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நிமிஷம் பேச்சை முடிக்கிற வரைக்கும் அவளைப் பார்க்கவே இல்லை.

"கூலி ஆகும் சார்," என்றாள் காஜா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"எவ்வளவு? ஐம்பதா?"

"காசு வேணாம். அந்த அட்டை உங்க பாக்கெட்டுல இருக்கக் கூடாது. தண்ணி கேன் பக்கத்துல ஆணியில தொங்கணும். யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போவாங்க. எழுதக் கூடாது."

நிமிஷம் சிரித்தார். "இவ்வளவுதானா?" என்றார். கேட்டது சின்னதாக இருந்ததால் இல்லை, கொடுக்கிற எண்ணம் இல்லாததால் அவருக்கு அது சின்னதாகத் தெரிந்தது.

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்குக் கேன்டீனே கூடிவிட்டது. காஜா விரலை வைத்தாள். நிமிஷம் ஏறினார். நடந்தாரா என்றால், அதை நடை என்று சொல்ல முடியாது. நாலாவது பலகையில் வழுக்கி விழுந்தார். இரண்டாவது தடவை பாதியில் திசை மாறி இக்கரைக்கே திரும்பி வந்து இறங்கினார். "சார், அங்கிட்டு," என்று காலர் அக்கா விரலால் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை ஒருவழியாக அக்கரையில் கால் வைத்து, குதிரையின் மேல் ஏறிவிட்டார். ஏறியதுதான் தாமதம், தலைகால் புரியவில்லை. அங்கேயே மச்சானுக்குப் போன் போட்டார். "நம்ம சொந்த முயற்சிதான், வேற என்ன," என்று அவர் சொன்னதை முப்பத்திரண்டு பேரும் கேட்டார்கள்.

அட்டை ஆணியில் தொங்கியது. மறுநாள் பதினோரு மணி வரைக்கும். பதினொன்று ஐந்துக்கு அது மறுபடி சட்டைப்பைக்குள் இருந்தது. காஜா பார்த்தாள். அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"விளையாட்டு வேற, வேலை வேற," என்றார். "விரல வச்சுக்கிட்டு நின்னதுக்கு ஊரையே எழுதிக் கேப்பியா நீ?"

கடிகாரத்தைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

நிமிடத்தை எல்லாம் எண்ணத் தெரிந்த அந்த மனிதர் ஒரு விஷயத்தை யோசிக்கவே இல்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு தலைக்கு மேலும் எழுதியிருக்கிறதே, 'போக ஐம்பது, வர ஐம்பது' என்று. பச்சைப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். குதிரையை இக்கரையில் இருக்கும் விளையாட்டு வீட்டு லாயத்தில் கொண்டுவந்து கட்டினால்தான் குதிரை. பதினைந்து நாளைக்குள் கட்டாவிட்டால் ஓடிப்போகும். திரும்பி வருவதற்கும் இக்கரைக் கல்லில் ஒருவர் நிற்க வேண்டும். கூலி கொடுக்கலாம் என்றால் காசு முழுவதும் இக்கரையில் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. முன்பணம் இல்லாமல் யாரும் கல்லில் கால் வைக்க மாட்டார்கள். மிஞ்சியது மச்சான். கேட்டால் நிற்பான், நின்றுவிட்டுச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லுவான்.

இரண்டு நாள் காஜா வழக்கம்போல் வந்து நின்றாள். அவர் வரும்போது மட்டும் விரலை எடுத்துவிட்டுப் பக்கத்துக் கல்லுக்குப் போனாள். வெள்ளிக் குதிரையின் மேல் உட்கார்ந்து, அக்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சவாரி போய்க்கொண்டிருந்தார் நிமிஷம். கேன்டீனில் போனைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பார்த்தார்கள்.

"ராஜா மாதிரி இருக்காருடி."

"நாடுதான் இல்ல."

மூன்றாம் நாள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். இந்தத் தடவை ஸ்டாப்வாட்ச் சட்டைக்குள் இருந்தது.

"என்னம்மா இப்படிப் பண்ற? ஒரு ரெண்டு நிமிஷ வேலை."

'என்னம்மா'வாம். காஜாவுக்கு வாயெல்லாம் கசந்தது.

"முதல்ல அட்டை சார். பத்து நாள் தொங்கட்டும். பதினொன்னாவது நாள் நிக்கிறேன்."

"பதினஞ்சு நாள்ல குதிரை ஓடிப் போயிடும்."

"பதினொன்னும் மூணும் பதினாலு."

அட்டை ஆணிக்குப் போனது. காஜா தையல் சாக்பீஸால் மெஷினின் ஓரத்தில் நாளுக்கு ஒரு கோடு போட்டாள். முதல் இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை. பொறி என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் காலர் அக்கா எடுத்துக்கொண்டு போய், வேண்டுமென்றே ஆறு நிமிடம் கழித்து வந்தாள். "வீடு கட்டிட்டேன் சார்," என்றாள். நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பதினொன்றாம் நாள் குதிரை வீடு வந்து சேர்ந்தது. வேலை முடிந்ததும் அட்டையை அவர் எடுத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அக்கரையில் வெள்ளிச் சேணம் என்று ஒன்று இருக்கிறதாம். மச்சான் அன்றைக்கே அதை வாங்கிவிட்டானாம். மச்சான் ஓர் அடி முன்னால் போய்க்கொண்டிருக்கும் வரைக்கும் அட்டைக்கு ஆபத்தில்லை.

லைன் முழுவதும் கொண்டாடியது. காஜாவுக்கு மட்டும் என்னவோ போல் இருந்தது. அன்று கல்லில் நிற்கும்போது ஒருவன் கடந்து போனான். ஒன்று. இன்னொருத்தி. இரண்டு. நாலு வரைக்கும் வந்த பிறகுதான் தான் எண்ணிக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. அவ்வளவு நாள் அண்ணியையும் நிமிஷத்தையும் கடைத்தெருவையும் பார்த்துச் சுளித்த முகத்தைத் தன் பக்கமே திருப்ப வேண்டியிருந்தது.

மறுநாள் லஞ்ச் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது புதிதாக ஓர் ஆள் பாலத்தருகே வந்து நின்றான். பெயர் தூசி. கிழிந்த சட்டை, காலில் செருப்பில்லை; விளையாட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

'எவ்வளவு அக்கா?' என்று எழுதினான்.

அந்தக் கல்லில் அவளிடம் இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

'ஒண்ணும் இல்ல. போ.'

'நீங்க இப்பல்லாம் கூலி வாங்குறீங்கன்னு சொன்னாங்க.'

'போ.'

'ஓசின்னா நடுவுல விரல எடுத்துடுவீங்க. ஏற்கனவே ஒருத்தர் அப்படித்தான் பண்ணினார்.'

காஜா விரலை வைத்துக்கொண்டு நின்றாள். உயிர்க்கோடு தேய்ந்தது. தூசி ஒரு பலகையில் கால் வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான்.

மணி அடித்தது. கேன்டீனில் பெஞ்சுகள் இழுபட்டன. "எந்திரிடி, கதவச் சாத்தப் போறாங்க," என்றாள் காலர் அக்கா. தூசி அப்போதுதான் மூன்றாவது பலகையில் நின்றான்.

காஜா எழுந்தாள். ஏப்ரனுக்குள் போனை மறைத்து, கட்டைவிரலை அழுத்தியபடியே நடந்தாள். தண்ணீர் கேன் பக்கத்தில் இடது கையால் ஆணியிலிருந்து அட்டையை எடுத்தாள். எதிரே வந்த நிமிஷத்தின் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. கடிகாரம் அங்கே இல்லை. கையைக் கீழே போட்டார்.

கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தூசி ஒவ்வொரு பலகைக்கும் நின்று, திரும்பிப் பார்த்து, இன்னும் நிற்கிறாளா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த அடி வைத்தான். இந்த வேகத்தில் போனால் சாயங்காலம் ஆகிவிடும். 'லூசு,' என்று சொல்லிக்கொண்டாள். விரல் மரத்துப் போயிருந்தது. அவன் கடந்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்குத் தெரியாது.