இரண்டு பேர் முடைந்த கூடை

1924இல் ராக்காயி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் சிலிபின் என்ற ஊரைத் தாண்டியிருந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். தோட்டத் தொழிலாளர்கள் வரிசை அறைகளில் குடியிருந்த லயத்தில், முன்பே அங்கு வேலைக்கு வந்திருந்த புருஷன் பத்துமலையின் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவள் வயிற்றுப் பிள்ளைக்காரி. பெயர் காளியம்மா. பத்துமலை அவளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான்.

தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி ராக்காயிக்கு அதே லயத்தில் கடைசி அறையைக் கொடுத்தார். காளியம்மாவுக்கு மகன் பிறந்த சில மாதங்களில் பத்துமலை காய்ச்சல் கண்டு இறந்தான். அதற்குப் பிறகும் இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிப்பதில்லை.

காளியம்மா மகனை ரப்பர் மரங்கள் நின்ற வேலைக்காட்டுக்கே தூக்கிக்கொண்டு போவாள். காட்டுப் பிரம்பை, அங்கே ரோத்தான் என்பார்கள், பின்னுவதற்கு ஒரு மலாய்க்காரியிடம் கற்றிருந்தாள். தானே பின்னிய கூடையில் பிள்ளையைப் படுக்கவைத்து, மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, ரப்பர் மரங்களின் பட்டையைச் சீவிப் பால் வெட்டுவாள்.

ஒருநாள் கூடையின் அடி பிரிந்து பிள்ளை சருகில் விழுந்தான். பக்கத்து மர நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த ராக்காயி கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாள். தலையையும் முதுகையும் தடவிப் பார்த்தாள். அடி ஒன்றுமில்லை. காளியம்மாவும் ஓடி வந்து சேர்ந்தாள்.

"இதுலயா பச்சப்புள்ளயப் போடுற? அடி முடையத் தெரியுமா ஒனக்கு?" ராக்காயி அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியாதுக்கா."

ராக்காயி கூடை முடையும் குடும்பத்தில் பிறந்தவள். அன்று வேலை முடிந்ததும் ஆற்றோரத்தில் மூங்கில் வெட்டி வந்து, காளியம்மாவின் வாசலில் உட்கார்ந்து பிளந்து, புதுக் கூடையை அடியிலிருந்து நெருக்கி முடைந்தாள். கூடையின் வாய் விளிம்பைக் கட்டும்போது காளியம்மா ஊறவைத்த ரோத்தானை நீட்டினாள்.

"வாய்க்கு இதக் கட்டுக்கா. மூங்கிலு புள்ள கையக் கிழிச்சிரும்."

ராக்காயிக்கு ரோத்தான் வளைந்து கொடுக்கவில்லை. காளியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தானே கட்ட ஆரம்பித்தாள்.

"என்னப் பத்தி அவரு ஒங்கிட்ட சொன்னாரா?" ராக்காயி மெதுவாகக் கேட்டாள்.

"இல்லக்கா. ஊருல யாருமில்லன்னாரு. தெரிஞ்சிருந்தா வந்திருக்கவே மாட்டேன்."

இத்தனை நாளும் இவளை மனசுக்குள் சபித்ததை நினைத்ததும் ராக்காயி காளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரையும் ஏமாத்திட்டுப் போயிட்டான், பாவி மனுசன்" என்று சொல்லி அழுதாள். காளியம்மா அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மூங்கில் அடியும் ரோத்தான் வாயுமான அந்தக் கூடையைப் பார்த்து, லயத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் கேட்டார்கள். இருவரும் சேர்ந்து முடைந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ராக்காயி சட்டிபானையோடு காளியம்மாவின் அறைக்கே வந்துவிட்டாள்.

"ஒரே வீட்டுல இருந்தா சண்ட வராதாம்மா?" என்றார் கங்காணி.

"வரும்லா. நாங்களே பேசித் தீத்துக்குறோம்" என்றாள் காளியம்மா.